கைப்பேசியில் வடை மடிக்க முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். பெரிய வணக்கமெல்லாம் எங்கள் அணித் தலைவர் போட்டுவிட்டார், நான் நேரே வடைக்கு வருகிறேன்.

தலைப்பு, 'ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு ஏற்றது அச்சிட்ட தாளா, கைப்பேசியா?' நான் கைப்பேசிக் கட்சி. எதிரணி அண்ணன் பேசப் பேச ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தேன். முடிக்கும்போது ஒன்று கேட்டாரே, 'இதழைப் படித்து முடித்து அதிலேயே வடையை மடிக்கலாம், எண்ணெயையும் உறிஞ்சும், உங்கள் கைப்பேசியில் வடை மடிக்க முடியுமா?' என்று. அதற்கு நீங்கள் தட்டிய தட்டில் என் குறிப்பெல்லாம் பறந்துவிட்டது.

அண்ணே, அந்த வடைத்தாளைப் பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரிலேயே எச்சரித்துவிட்டது. செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்காதீர்கள், பொரித்ததன் எண்ணெயை அதில் ஒற்றி எடுக்காதீர்கள், அச்சு மையில் ஈயம் மாதிரி உலோகங்கள் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் கேட்பார்களா? வடையைத் தாளுக்கு நடுவே வைத்து இரண்டு உள்ளங்கையாலும் ஒரு அமுக்கு. எண்ணெய் தாளுக்குப் போகும், மை வடைக்கு வரும். திருப்பிப் பார்த்தால் வடை மேல் பவுன் விலை, கண்ணாடியில் பார்த்தமாதிரி இடம் வலமாக. அதையும் படித்துவிட்டுத்தான் தின்பார்கள். இதற்குப் பெயர் வாசிப்பா அண்ணே?

நானும் அப்படி வாசித்தவன்தான். ஆறாம் வகுப்பு படிக்கும்போது பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் ஒரு கதை. மழை ராத்திரி, கதவு தட்டுகிற சத்தம், வீட்டில் தனியாக இருக்கிற பெண் விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை விலக்குகிறாள், வெளியே நிற்பது... தாள் முடிந்துவிட்டது! மிச்சம் எங்கே? அடுத்த துண்டில். அடுத்த துண்டு எங்கே? யாரோ தின்ற பஜ்ஜியில்.

மறுநாள் கடைக்கு ஓடினேன். 'அண்ணாச்சி, நேத்து மடிச்ச தாளோட மறுபாதி இருக்கா?' அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பஜ்ஜி வேணுமா, தாள் வேணுமா?' என்றார். தாள் மட்டும் தரமாட்டார். ஒரு பஜ்ஜி வாங்கினேன், ராசிபலன் வந்தது. இன்னொன்று வாங்கினேன், டெண்டர் விளம்பரம். மூன்றாம் நாள் அப்பா சட்டைப்பையிலிருந்து காசு எடுத்து நாலு பஜ்ஜி வாங்கினேன். அதில் ஒரு தாளில் அதே எழுத்து, அதே பெயர்! கை நடுங்குகிறது. பிரித்துப் பார்த்தால் அது கதையின் முதல் பக்கம். அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது, வெளியே நிற்பவன் யார் என்பது தெரியவில்லை. அன்று ராத்திரி வயிறு பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் அப்பாவிடம் அடி, ஒரு பக்கம் வயிற்றுப்போக்கு, நடுவில் கதவைத் திறந்தபடி நிற்கிற அந்தப் பெண். நடுவர் அவர்களே, நான் வாசிப்புக்காகப் பட்ட பாடு இது.

சரி, கைப்பேசி மட்டும் சுத்தமா? நான் பொய் சொல்ல மாட்டேன். நாம் அனுப்புகிற ரோஜாப்பூக் காலை வணக்கப் படங்களால் இந்தியர்களின் போன்கள் இடமில்லாமல் நிரம்பி வழிவதைக் கூகுள் ஆட்களே கண்டுபிடித்தார்கள் என்று 2018 ஜனவரியில் செய்தி வந்தது. மாமாவின் போனில் வாசிக்க இடமே கிடையாது, பூ மட்டும்தான். ஆனால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய பழைய இலக்கியமெல்லாம் அதே போனில் காசில்லாமல் கிடைக்கிறதே, அதை எதிரணி பேசவே இல்லை.

அவர்கள் பேசியதில் ஒன்று மட்டும் என்னை உறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். 'தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, கைப்பேசிக்கு உண்டா?' என்றார் அந்த அக்கா. தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கிற பக்கத்தை 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் உருவாக்கினார், பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். நல்ல கேள்வி அக்கா, வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு நிமிடம்.

வயிற்று வலியில் நான் சுருண்டு கிடந்த அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்தக் கதைதானே, எனக்குத் தெரியும்' என்றாள். வெளியே நின்றது மழையில் நனைந்த அவள் தம்பியாம். அடுத்த நாள் கேட்டபோது தொலைந்துபோன பசுமாடு. அதற்கும் அடுத்த நாள், பட்டாளத்துக்குப் போன புருஷன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அம்மா. அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இப்போது அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறது, சுற்றிலும் மங்கல். இதழை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்து, வரி பிடிபடாமல் மடித்து வைத்துவிட்டாள். போனில் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், ஒரு திரைக்கு மூன்றே சொல். அதையும் விரலால் தொட்டுத் தொட்டு, உதட்டை அசைத்துப் படித்தாள். இப்போது ஞாயிறு காலையில் போனே வாசித்துக் காட்டுகிறது. 'இந்தப் பிள்ளைக்கு மூச்சே வாங்கலையே' என்பாள் அந்தக் குரலை.

போன வாரம் திடீரென்று கேட்டாள், 'அந்தப் பஜ்ஜிக் கதை உன் போன்ல இருக்குமாடா?' தேடினால் கிடைக்கலாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: 'தேடாதே. வெளியே நின்னது நம்ம மாடாவே இருக்கட்டும்.'

மணி அடித்துவிட்டார்கள். அக்கா, அந்தக் கடைசிப் பக்கம்... சரி, நேரமில்லை, வணக்கம்.