ஏணை கட்டின வளை

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம், நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வாறன். பழைய கட்டிடத்தைத் திருத்திப் பாவிக்கிறதா, இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுறதா, சூழலுக்கு எது நல்லது? நாங்கள் திருத்திற பக்கம்.

எதிரணித் தம்பி என்ன சொன்னவர்? "பழைய வீடு பழைய சீலை மாதிரி, எத்தினை தரம் தைச்சாலும் கிழியும், தூக்கி எறியுங்கோ" எண்டார், நீங்களும் கை தட்டினியள். தம்பி, உங்களை எந்தச் சீலையில ஏணை கட்டி ஆட்டினவை? கடையில வாங்கின புதுச் சீலையிலயோ? அம்மம்மா உடுத்து உடுத்து, தோய்ச்சுத் தோய்ச்சு, பஞ்சாப் போன நூல் சீலையில! புதுசு பிள்ளையின்ர மேலுக்குக் குத்தும் தம்பி. இன்னொருக்காச் சொல்றன், அந்தப் பழசில படுத்து வளந்துதான் நீங்கள் இண்டைக்கு மைக் பிடிச்சு நிக்கிறியள்!

கொழும்புக் கோட்டையில டச்சு ஹொஸ்பிட்டலைப் போய்ப் பாருங்கோ. ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரி, 300 வருஷத்துக்கு மேல, பிறகு பொலிஸ் ஸ்டேசனாயும் இருந்தது, 2011ல திருத்தித் திறந்தாப்பிறகு கடையும் சாப்பாடுமா சனம் நிறைஞ்சு கிடக்கு. சுவர் அரை மீற்றர் மொத்தம். அதை இடிச்சுக் கட்ட சீமெந்து வேணும், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லை 1450 பாகையில சுடோணும், எரிபொருளில இருந்து மட்டுமில்ல அந்தக் கல்லுக்குள்ள இருந்தே கரியமில வாயு கிளம்பும், உலகம் விடுற கரியமில வாயுவில 100க்கு 7, 8 பங்கு சீமெந்தாலதான். நிக்கிற சுவருக்கு அந்தக் கடன் எப்பவோ கட்டி முடிஞ்சுது. புதுசாக் கட்டிக் கூரையில சோலார் போட்டாப்போல காணாது, காத்து, நிழல், முற்றம், மரம், நிக்கிற சுவர் எல்லாத்தையும் ஒண்டாச் சேத்துப் பாக்கோணும்.

கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டின வீடு தெரியுமோ? காணி கைமாறேக்க கல்லுக்கும் கதவுக்கும் நம்பர் போட்டுக் கழட்டி, பாவாவின்ர தோட்டமான லுணுகங்கையில கொண்டுபோய்த் திரும்பக் கட்டினவை.

எங்கட வெள்ளவத்தை வீட்டுக்கு நம்பர் போட ஆள் இல்லை. அந்த இடத்தில இப்ப ஃபிளாட். இடிக்கேக்க அம்மா வேலை செய்த பெடியனிட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டவ, நடு அறைக் கூரை மரத்தில, அந்த வளையில கிடந்த இரும்புக் கொக்கி. நாங்கள் மூண்டு பேரும் ஆடின ஏணைக் கொக்கி, கயிறு உரஞ்சி உரஞ்சி ஒரு பக்கம் மெலிஞ்சு மினுங்கும். போன மாசம் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பழைய சீலை இருக்கு, கொக்கியும் இருக்கு. அம்மா ரெண்டையும் மடியில வைச்சுக்கொண்டு ஃபிளாட் சீலிங்கை அண்ணாந்து பாத்தபடி இருக்கிறா, நடுவர் அவர்களே.