சுடுவதற்கு முன்பே முடிந்துவிடும் சண்டை

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

இணைய விளையாட்டு என்றதும் நம் பகுதிப் பெற்றோருக்கு நினைவுக்கு வருவது, பிள்ளைகள் கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களாலும் சுட்டுத் தள்ளும் காட்சிதான். நான் பேச வந்திருப்பது வேறு வகையான ஒரு விளையாட்டைப் பற்றி. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இயங்கும் சி.சி.பி. என்னும் நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்டு இன்றுவரை நடத்திவரும் ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டில் நான் சில மாதங்களாக ஆடிவருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருப்பவன் நான். வணிகம், சுரங்கம், தொழிற்சாலை என்று அந்த விளையாட்டில் செய்வதற்கு எத்தனையோ இருக்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அங்கே மனிதருக்கும் மனிதருக்கும் நடக்கும் சண்டைதான். இந்த உரையும் அதைப் பற்றியது மட்டுமே.

நியூ ஈடன் என்று பெயரிடப்பட்டுள்ள அந்த உலகத்தில் 7,800-க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. சீனாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. மற்ற நாட்டவர் எல்லாரும் லண்டனில் உள்ள ஒரே சேவையகத்தில், ஒரே வானத்தின் கீழ் ஆடுகிறார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. அந்த எண் 0.5-க்குக் குறையாத மண்டலத்தில் காரணமின்றி ஒருவரைத் தாக்கினால், கான்கார்ட் என்னும் காவல் படை வந்து தாக்கியவரின் கலத்தை அழித்துவிடும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: அந்தப் படை தண்டிக்குமே தவிரத் தடுக்காது, அது வந்து சேர்வதற்குள் உங்கள் கலம் போய்விடக்கூடும். எண் 0.4-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிட்டால் அந்தப் படையும் வராது. புதியவர்கள் அங்கே போக அஞ்சுவார்கள். சண்டையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

லண்டனில் உள்ள கணினியோடு காவேரிப்பட்டணத்திலிருந்து ஆடினால் தாமதம் ஏற்படாதா என்று என் மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளில் அந்தச் சிறு தாமதமே உயிரை வாங்கிவிடும். ஆனால் ஈவ் விளையாட்டின் சேவையகம் நொடிக்கு ஒரு முறைதான் எல்லாருடைய கட்டளைகளையும் எடுத்து நிறைவேற்றுகிறது. லண்டனிலேயே குடியிருப்பவனுக்கும் எனக்கும் அந்த ஒரு நொடி பொதுவானது என்பதால், விரல் வேகத்தால் அவன் என்னை வெல்ல முடியாது. எங்களுக்கு உண்மையான எதிரி மின்வெட்டுதான். சண்டை நடுவே மின்சாரம் போய்விட்டால் கலம் மறைந்துவிடாது. இன்னொரு ஆட்டக்காரரோடு மோதலில் இருந்த கலம், ஆளில்லாமலே 15 நிமிடம் வரை வெளியில் நின்றுகொண்டிருக்கும். ஆகையால் இந்த விளையாட்டுக்கு விலை உயர்ந்த கணினியை விட ஒரு நல்ல இன்வெர்ட்டர் முக்கியம் என்பது என் கருத்து.

இனிச் சண்டைக்கு வருவோம். புதியவருக்குக் கிடைக்கும் கலங்களில் ஒரு சிறிய வகை ஃப்ரிகேட் எனப்படும். நான் ஓட்டுவது அதில் ரிஃப்டர் என்னும் கலம். துருப்பிடித்த தகரத்தை ஒட்டுப்போட்டது போன்ற தோற்றமும் நல்ல வேகமும் உடையது. ஒவ்வொரு கலத்துக்கும் மூன்று அடுக்குகள் உண்டு: வெளியே ஷீல்டு, அதற்குள் ஆர்மர், கடைசியாக ஹல் எனப்படும் உடற்கூடு. தாக்குதலிலும் மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு என்று நான்கு வகைகள் உண்டு. ஷீல்டு பொதுவாக மின்காந்தத் தாக்குதலுக்கு எளிதில் இளகும், ஆர்மர் வெடிப்புக்கு இளகும். எதிரியின் கலம் எந்த அடுக்கை நம்பியிருக்கிறது என்று தெரிந்தால், எந்தக் குண்டைத் துப்பாக்கியில் ஏற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதைச் சண்டை தொடங்கிய பிறகு யோசிக்க முடியாது.

ஆகவே சண்டையின் பெரும்பகுதி, சண்டை இல்லாத நேரத்திலேயே நடந்துவிடுகிறது. திசைத் தேடல் என்று சொல்லத்தக்க ஒரு கருவி எல்லாக் கலத்திலும் உண்டு; பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு தூரம் வரை என்னென்ன கலங்கள் உள்ளன என்று அது பட்டியலிடும். தேடும் கோணத்தை 360 பாகையிலிருந்து 5 பாகை வரை குறுக்கிக்கொண்டே போனால், மெர்லின் வகைக் கலம் ஒன்று எந்தச் சிறுகோள் திரளின் அருகே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதே நேரத்தில் அவனும் என்னைத் தேடிக்கொண்டிருப்பான். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, இவன் என்ன பொருத்தியிருப்பான், தனியாக வந்தவனா, பின்னால் ஆள் வைத்திருக்கிறானா என்று இருவரும் கணக்குப் போடும் அந்தச் சில நிமிடங்களை விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி என்பேன். பார்ப்பவருக்கு அப்போது திரையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். என் வீட்டாருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த மெர்லினோடு நான் மோதிய சண்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். அவனுடைய துப்பாக்கிகள் ரெயில்கன் வகை. எட்டு கிலோமீட்டர் தள்ளி நின்று அடிப்பதற்குத் தோதானவை. என்னுடையவை ஆட்டோகேனன், கிட்டப் போனால்தான் முழுப் பலம். இருவருமே வந்தவுடன் ஸ்க்ராம், வெப் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இரண்டு கருவிகளை ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டோம். முதலாவது, ஒளியை மிஞ்சிய வேகத்தில் தப்பி ஓடும் வசதியை அடைத்துவிடும். இரண்டாவது, வேகத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடும். இந்த இரண்டும் விழுந்த பிறகு ஓட்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே கேள்வி, இடைவெளியைத் தீர்மானிப்பவர் யார் என்பது.

என் கலம் வேகமானது என்பதால் நெருங்கும் உரிமை எனக்கு இருந்தது. நெருங்கும் விதத்தில்தான் சூட்சுமம். ‘அருகே செல்’ என்ற பொத்தானை அழுத்தினால் கலம் நேர்கோட்டில் போகும். நேராக வருகிறவனைக் குறிவைக்கத் துப்பாக்கியைத் திருப்பவே வேண்டியதில்லை, ஒவ்வொரு குண்டும் பட்டுவிடும். ஆகவே திரையின் வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கி, கலத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, சுருள் பாதையில் கொண்டுபோக வேண்டும். இதற்கான கணக்கு பதினோராம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. கோணத் திசைவேகம் என்பது குறுக்கு வேகத்தைத் தொலைவால் வகுத்துக் கிடைப்பது. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் நான் எட்டு கிலோமீட்டர் தள்ளிச் சுற்றினால், எதிரியின் துப்பாக்கி நொடிக்கு 0.05 ரேடியன் திரும்பினால் போதும். அதே வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் சுற்றினால் அது 0.4 ரேடியன் திரும்ப வேண்டும், அதாவது எட்டு மடங்கு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் நின்று பெங்களூருச் சாலையில் போகும் பேருந்தைப் பார்த்தால் கழுத்தை அசைக்காமல் அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சாலையோரத்திலேயே நின்றால் தலையைத் திருப்புவதற்குள் பேருந்து கடந்துவிடும். தொலைவுக்கென்று செய்த துப்பாக்கிகள் மெதுவாகத் திரும்புபவை. ஆகவே உள்ளே நுழைந்துவிட்ட எனக்கு அவனுடைய குண்டுகளில் பெரும்பாலானவை படவே இல்லை.

இதையெல்லாம் நிதானமாகச் செய்ததாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. சுட்டெலியைப் பிடித்திருந்த உள்ளங்கை வேர்த்துவிட்டது. உண்மையான மனிதன் ஒருவன் எதிரே இருக்கிறான், தோற்றால் கலம் திரும்ப வராது என்ற இரண்டு உண்மைகளும் சேர்ந்து உடம்பை அப்படிச் செய்துவிடுகின்றன. பல ஆண்டுகள் ஆடிய பழைய கைகளும் இந்த நடுக்கம் முழுவதுமாகப் போவதில்லை என்றே சொல்கிறார்கள்.

மெர்லின் வெடித்தது. அதை ஓட்டியவன் பாட் எனப்படும் முட்டை வடிவச் சிறு கூட்டுக்குள் வெளியே வந்து, தப்பிப் போவதற்கு முன் பொது அரட்டையில் ‘ஜி.எஃப்.’ என்று இரண்டெழுத்தை எழுதினான். நல்ல சண்டை என்று பொருள். அதற்குப் பதில் எழுத நான் விசைப்பலகையில் கை வைத்தபோது, எங்கள் சண்டையை எங்கிருந்தோ மோப்பம் பிடித்த, ஃப்ரிகேட்டை விடப் பெரிய குரூசர் வகைக் கலம் ஒன்று வந்து இறங்கியது. ஆர்மரில் கால் பங்குகூட மிஞ்சியிராத என் ரிஃப்டர் அதன் முன் சில நொடிகளே தாங்கியது. தனியாக நடக்கும் சண்டை பெரும்பாலும் தனியாக முடிவதில்லை. அதில் அநியாயம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்துக்குப் பக்கத்து ஆள் வரத்தான் செய்வான்.

கலம் அழிந்தவுடன் கில்மெயில் என்ற ஓர் ஆவணம் தானாகவே உருவாகும். அழிந்தவன் யார், எந்த மண்டலத்தில், எந்த நேரத்தில், என்ன கலத்தில், என்னென்ன கருவிகள் பொருத்தியிருந்தான், அடித்தவர்கள் யார், எந்த ஆயுதத்தால் எவ்வளவு அடித்தார்கள் என்ற எல்லாமே அதில் பதிவாகும். தருமபுரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு மோதிப் பட்டவன், இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய ஆள் என்று வட்டெழுத்தில் பொறித்து, கையில் வில்லோடும் வாளோடும் அவன் உருவத்தைச் செதுக்கி வைத்தார்கள். ஒரு வேறுபாடு உண்டு. நடுகல் பட்டவனின் பெருமைக்காக அவன் மக்கள் எழுப்பியது. கில்மெயிலோ பெரும்பாலும் அடித்தவனின் பெருமைக்குப் பயன்படுகிறது. ஆனாலும் தோற்றவனுக்குத்தான் அதில் உண்மையான லாபம். எதிரி என்ன ஆயுதம் வைத்திருந்தான் என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது. கல்லில் பெயர் எழுதும் வழக்கம் இந்த விளையாட்டையும் விடவில்லை என்பது இன்னொரு செய்தி: 2014-ஆம் ஆண்டில் ரெய்க்யவிக் துறைமுகத்தருகே ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவியிருக்கிறார்கள்.

அதே 2014-ஆம் ஆண்டு சனவரி 27, 28 தேதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த பெரும்போரைப் பற்றிச் சிலர் செய்திகளில் படித்திருக்கலாம். ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த அந்தப் போரில் டைட்டன் என்னும் மிகப் பெரிய கலங்கள் 75 அழிந்தன. ஒரு கூட்டணி தன் மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனதுதான் அதற்குத் தூண்டுகோல். அழிந்த பொருளின் மதிப்பை டாலரில் கணக்கிட்டு உலகமே வியந்தது. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடினால் சேவையகம் தாங்குவதற்காக விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வரை மெதுவாக்கிவிடுவார்கள். ஒரு நொடி வேலைக்குப் பத்து நொடி காத்திருக்க வேண்டும். பெயர் வரலாற்றில் நிற்கும். புதியவனுக்குக் கற்க ஒன்றும் இருக்காது.

ஆனால் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு படையில் புதியவனுக்கு மிக நல்ல இடம் உண்டு. வேகமான ஃப்ரிகேட்டில் முன்னே ஓடி, எதிரியின் பெரிய கலத்தின் மேல் ஸ்க்ராமைப் போட்டு, மற்றவர்கள் வரும்வரை அவனை ஓடவிடாமல் பிடித்து வைப்பதே அவன் வேலை. பேட்டில்ஷிப் எனப்படும் பெருங்கலத்தின் பீரங்கிகள் என் ரிஃப்டர் போன்ற கலத்தை ஒரே அடியில் தூளாக்க வல்லவை. ஆனால் நான் அதன் வயிற்றுக்கு அடியில் ஒட்டிச் சுற்றும்வரை அவை என்னைத் தொடர்ந்து திரும்ப முடியாது. முன்பு சொன்ன அதே கோணத் திசைவேகம்தான். அவன் ட்ரோன்களை ஏவினால் மட்டும் என் ஆயுள் குறுகிவிடும். அதற்குள் நண்பர்கள் வந்து சேர்ந்துவிட்டால், என் மலிவான கலம் போனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, நானும் படுவதில்லை. இந்த வேலையைப் புதியவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே ஆட்டக்காரர்கள் 2004-இல் தொடங்கிய ‘ஈவ் யுனிவர்சிட்டி’ என்ற அமைப்பு இன்றும் வகுப்பு நடத்துகிறது. பாடமும் உரையாடலும் ஆங்கிலத்தில்தான். எழுதிக் கேட்கலாம் என்பதால் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆட விரும்புவோருக்கு நடைமுறைச் செய்திகள் சில. 2016 நவம்பர் முதல் கட்டணமின்றியும் ஆடலாம். அந்த வகைக் கணக்கில் கிடைக்கும் ஃப்ரிகேட்டுகளே நான் சொன்ன அத்தனைக்கும் போதும். ஒரு கலத்தை வாங்கி அலங்கரிப்பதற்குப் பதில், ஒரே மாதிரியாகப் பொருத்திய மலிவான கலங்கள் சிலவற்றை வாங்கி நிறுத்திக்கொள்ளுங்கள்; ஒன்று போனால் அடுத்ததில் ஏறலாம். இழந்தால் வருந்துவோம் என்று தோன்றும் கலத்தைச் சண்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். நம் நேரப்படி மாலை நாலரை மணிக்குச் சேவையகத்தைத் தினமும் சில நிமிடம் நிறுத்துவார்கள். பள்ளி விட்டு வந்து உட்காருகிறவர்கள் அந்த நேரத்தில் இணைப்புப் போய்விட்டதென்று பதற வேண்டாம். ஐரோப்பியர்கள் திரளாக வரும் வேளை நமக்கு நள்ளிரவையொட்டி அமைகிறது. இரவு எட்டு மணிக்கு நாம் போகும்போது வானம் ஓரளவு காலியாகத்தான் இருக்கும். தனியாக வரும் ஒருவனைத் தேடிப் பிடித்து மோதிப் பழக அந்த வேளையே தோதானது, பெற்றோரும் திட்டமாட்டார்கள். நன்றி, வணக்கம்.