அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை: அறிவியல் பரிசுக்கு எவ்வளவு எடை?

வணக்கம். பிள்ளை அறிவியல் போட்டியில் பரிசு வாங்கியதும் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இது காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா?" உதவும். ஆனால் பதக்கத்தைவிட, அந்த ஆய்வைத் துறை தெரிந்த ஒருவர் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதற்குத்தான் எடை அதிகம்.

(திரையில்: 1 முதல் 6 வரை எண்கள்)

ஹார்வர்டின் மதிப்பீட்டு முறை 2018 நீதிமன்ற விசாரணையில் வெளியே வந்தது. கல்விக்கு 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள், 1 உச்சம். ஏறக்குறைய முழு மதிப்பெண் இருந்தும் சொந்த ஆய்வு இல்லாதவருக்கு 2. அந்த 1 கிடைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வை அனுப்பி, அதைப் பேராசிரியர் ஒருவர் படித்துப் பார்த்தவர்கள்.

(திரையில்: நாட்காட்டி)

இனி பலர் கோட்டைவிடும் இடம்: தேதி. ஐசெஃப், அதாவது பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல், பொறியியல் ஆய்வுப் போட்டி, நடப்பது மே மாதத்தில். கல்லூரிகளின் முடிவோ மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். எனவே 12-ஆம் வகுப்பில் வாங்கும் ஐசெஃப் பரிசு விண்ணப்பத்துக்குப் பயன்படாது. 11-ஆம் வகுப்பிலோ அதற்கு முன்போ வாங்கியதுதான் கணக்கு. ரீஜெனரான் எஸ்டிஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் ஆய்வுப் போட்டி 12-ஆம் வகுப்பினருக்கு மட்டும், அதுவும் தனி ஆளாக. 300 பேர் பட்டியல் ஜனவரியில் வரும். அவர்களில் 40 பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். விண்ணப்பம் அதற்கு முன்பே போயிருக்கும். பட்டியலில் பெயர் வந்தால் அன்றே கல்லூரியின் போர்ட்டலில் ஏற்றுங்கள், பள்ளி கவுன்சலருக்கும் சொல்லுங்கள்.

ஐசெஃப் போக நினைத்தால் பின்னோக்கி எண்ணுங்கள். மனிதர்கள், முதுகெலும்புள்ள விலங்குகள், நுண்ணுயிர்கள் தொடர்பான ஆய்வுக்குச் சோதனை தொடங்கும் முன்பே, போட்டி விதிப்படி ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். வகுப்புத் தோழர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதும் இதில் அடங்கும். கையெழுத்துத் தேதி சோதனை தொடங்கிய தேதிக்குப் பிந்தியது என்றால் ஆறு மாத உழைப்பு போச்சு. வீட்டில் பாக்டீரியா வளர்க்கவே கூடாது. மாதிரியை வீட்டில் எடுக்கலாம், வளர்ப்பது ஆய்வகத்தில்தான்.

(திரையில்: காமன் ஆப் படிவம்)

காமன் ஆப், அதாவது பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவத்தில், விருதுகளுக்கு ஐந்தே வரி. செயல்பாடுகள் பத்து, ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளியையும் சேர்த்து 150 எழுத்து. "புற்றுநோய் ஆய்வில் பங்கேற்றேன்" என்று எழுதினால் அந்த இடம் வீண். "செல் படங்களை எண்ண பைதான் நிரல் எழுதினேன், கையால் எண்ணியதோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டேன்" என்றால் உங்கள் பங்கு தெரிகிறது. பெரிய ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே முதல் சந்தேகமே "இதில் மாணவர் செய்தது எது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லக்கூடியது வழிகாட்டியின் கடிதம். பெயர் பெற்ற பேராசிரியரின் நான்கு வரிப் புகழ்ச்சி வேண்டாம். தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதட்டும். எம்ஐடிக்கு காமன் ஆப் கிடையாது, சொந்தப் படிவம்; ஆய்வுத் தொகுப்பை அங்கே தனியாக அனுப்பலாம்.

பணம் கட்டினால் யார் கட்டுரையையும் போடும் இதழ்களை நம்பாதீர்கள். அவற்றைச் சேர்க்கை அலுவலர்கள் அறிவார்கள்.

தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃப், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று வருவது. ஐசெஃப் பரிசு அதில் அரை மதிப்பெண்கூடச் சேர்க்காது. ஐஐடி மெட்ராஸ் 2025-26 முதல் ஒலிம்பியாடில் சிறந்தவர்களுக்குத் தனி வழி திறந்திருக்கிறது. ஆனால் ஒலிம்பியாட் என்பது தேர்வு. ஆய்வுத் திட்டத்தைக் கொண்டு அந்த வழியில் நுழைய முடியாது.