அரை விநாடி மிச்சம்

எல்லோருக்கும் வணக்கம். கெரெம் துன்செரி என்று சொன்னதும் நம் பக்கத்து ஊர் ஏதோ ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இஸ்தான்புல்காரர். 1979இல் பிறந்தவர். துருக்கி கூடைப்பந்து அணிக்குப் பாயிண்ட் கார்டாக ஆடியவர்.

அந்த வேலை எப்படிப்பட்டது? கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் இலை காலி என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். தான் உட்கார்ந்துவிடக் கூடாது. பந்து கையில் வந்த 24 விநாடிக்குள் ஒரு அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்கிறவர் இவர்தான். கைதட்டல் என்னவோ போட்டவருக்குப் போய்விடும்.

துன்செரி அதிக காலம் ஆடியது எஃபெஸ் பில்சனுக்கு. பீர் கம்பெனியின் அணி. மது விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் 2011இல் அதற்கு அனடோலு எஃபெஸ் என்று பெயர் மாற்றினார்கள். நடுவில் ஸ்பெயினுக்குப் போய் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். 2007இல் அந்த அணி ஸ்பெயின் லீக்கையும், ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யூலெப் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. பெரிய விஷயம்தான். ஆனால் துருக்கியில் போய்க் கேட்டால் இதையெல்லாம் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். 2010 செப்டம்பர் 11 ராத்திரியைத்தான் சொல்வார்கள்.

துருக்கி தேசிய அணிக்கு 'ஒன் இக்கி தேவ் ஆதம்' என்று செல்லப்பெயர் உண்டு. பன்னிரண்டு ராட்சதர்கள் என்று அர்த்தம். நம்முடைய தேவனும் அந்த 'தேவ்'வும் ஒரே வேரில் வந்த சொற்கள். பாரசீகம் வழியாகப் போனதில் தெய்வம் பூதமாகிவிட்டது! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உலக சாம்பியன்ஷிப் அந்த ஆண்டு துருக்கியிலேயே நடந்தது. பயிற்சியாளர் போக்தான் தன்யெவிச், மாண்டினீக்ரோவில் பிறந்தவர். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்தினார். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் அரையிறுதிக்கு வந்தார்கள். எதிரே செர்பியா. கால் இறுதியில் ஸ்பெயினை 92-89 என்று கடைசி நேரத்தில், வெகு தூரத்திலிருந்து ஒரு பந்தைப் போட்டுச் சாய்த்த அதே தெயோதோசிச்சின் அணி.

ஆட்டம் முடிய நான்கு விநாடி சொச்சம் இருக்கும்போது செர்பியாவின் வெலிச்கோவிச் உள்ளே புகுந்து போட்டார். 82-81. அரங்கமே ஊமையானது. அடுத்த பந்து யாருக்குப் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் அப்போது ஆடிக்கொண்டிருந்த துர்கோலுவுக்குத்தான். அவரிடம் போகவும் போனது. ஆனால் சரியாகக் கைக்கு அடங்கவில்லை. பந்து துன்செரிக்கு வந்தது. கொடுக்க ஆள் தேட நேரமில்லை. கோட்டோரமாகவே ஓடி, எம்பி, கூடைக்குள் போட்டார். 83-82. கடிகாரத்தில் அரை விநாடி மிச்சம்.

பல வருஷம் பரிமாறியவர் அன்றைக்கு ஒரே ஒரு வாய் சாப்பிட்டார். அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் தேடிக்கொண்டே இருந்து பழகிய கண், யாரும் இல்லை என்பதையும் சட்டென்று பார்த்துவிடும்.

அந்த அரை விநாடியிலும் செர்பியா விடவில்லை. கூடைக்கு அருகே வெலிச்கோவிச்சுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். செமி எர்டென் கையை நீட்டித் தடுத்த பிறகுதான் இஸ்தான்புல் மூச்சுவிட்டது.

மறுநாள் பகலில் நாடே அரசியல் சட்டத் திருத்தம் பற்றிய வாக்கெடுப்பில் வாக்களித்தது. ராத்திரி இறுதி ஆட்டம். அமெரிக்காவின் கெவின் டுரான்ட் தனியாக 28 புள்ளி எடுத்தார். 81-64. துருக்கிக்கு வெள்ளி.

இனி நீங்கள் கேட்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டத்தில் துன்செரி எல்லைக் கோட்டை மிதித்தார் என்று செர்பிய ரசிகர்கள் குறை சொல்வதுண்டு. நடுவர் விசில் ஊதவில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள், நான் துருக்கி பக்கம்.