வில்காக்ஸ் பெண்களின் போர்வைச் சங்கம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. கவுண்டி என்றால் நம் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பிரிவு. அங்கே கருப்பினப் பெண்கள் ஒன்றுகூடி, துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்த ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அந்தப் போர்வைகளை இன்று உலகமே அறியும். சங்கத்தை அறிந்தவர்கள் குறைவு. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் நிலம், பெயர் ஜீஸ் பெண்ட். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் தன் அடிமைகள் ஏறக்குறைய நூறு பேரை வட கரோலினாவிலிருந்து அங்கே நடத்தியே கூட்டிவந்தார். அடிமை முறை ஒழிந்து இத்தனை காலம் ஆகியும் ஊரில் பல குடும்பங்களுக்குப் பெட்வே என்பதுதான் குடும்பப் பெயர். போர்வை தைத்தவர்களின் பட்டியலைப் பார்த்தாலும் பெட்வே, பெட்வே என்றே வரும்.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. விளைச்சலில் பங்கு கொடுத்து, அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன், அறுவடையில் கடன் கழிப்பு. 1932-இல், கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோனார். அவர் மனைவியின் ஆட்கள் வந்து மாடு, கலப்பை, வண்டி, சேர்த்துவைத்திருந்த தானியம் எல்லாவற்றையும் அள்ளிப்போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவை வைத்துத்தான் கடந்தார்கள்.

பலகை இடுக்கில் காற்று வீசும் வீடுகள். சுவரில் செய்தித்தாள் ஒட்டி, படுக்கையில் போர்வைமேல் போர்வை போட்டுக் குளிரைத் தாங்கினார்கள். போர்வைக்குக் கடைத்துணி வாங்க வழியில்லை. கிழிந்த கால்சட்டை, வேலைச் சட்டை, மாவு மூட்டை, உர மூட்டை, இவைதான் துணி. உள்ளே வைக்கப் பஞ்சு வேண்டுமே? பருத்தி அரைவை ஆலையின் தரையில் சிந்திக்கிடந்ததைக் கூட்டி எடுத்துவந்து, குச்சியால் அடித்துப் பரப்பினார்கள். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகவே ஒட்டுப்போட்டுத் தைப்பாள். அதில் யாரும் தலையிட மாட்டார்கள். பிறகு மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக்கட்டிச் சேர்த்துத் தைப்பதற்கு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. தையலோடு தையலாகத் தேவாலயப் பாட்டும் ஓடும்.

1942-இல் மிசூரி பெட்வே தைத்த ஒரு போர்வையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுப்போன உடைகளையெல்லாம் எடுத்து, மகள் ஆர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுப்பதற்காக என்று மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த வகைப் போர்வைகளை உற்றுப் பார்த்தால், வெயிலிலும் சலவையிலும் வெளிறிப்போன நீலத்துணியின் நடுவில் ஓர் இடம் மட்டும் புதிதுபோல அழுத்தமான நீலமாக இருக்கும். சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் அது. ஒரு மனிதன் எத்தனை காலம் வெயிலில் நின்றான் என்பதை அந்தச் சதுரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். 1960-களில் கருப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். பதிவு நடக்கும் இடம் கவுண்டியின் தலைநகர் கேம்டன், அது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. 1962-இல் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. கண்ணுக்கு எதிரே தெரியும் ஊருக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கே வந்து பேசினார். பதிவு செய்தவர்களை நிலச் சொந்தக்காரர்கள் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில், இந்த அநியாயங்களைப் பதிவு செய்யச் சுற்றிவந்த பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். இதை நியூயார்க்கில் விற்கலாமே என்று தோன்றியது. 1966 மார்ச்சில் பெண்கள் கூடி ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதே மாதம் நியூயார்க்கில் முதல் ஏலம். பாதிரியார் வழிகாட்டினார், உண்மைதான். ஆனால் சங்கத்தைப் பல்லாண்டுகள் கட்டிக்காத்தவர் எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற உள்ளூர்ப் பெண்மணி. கதையைப் பாதிரியாரோடு ஆரம்பித்து அவரோடு முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சங்கம் செய்த காரியங்களில் நான் மிகப் பெரிதாக மதிப்பது ஒன்று. போர்வை விற்ற பணத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழுத பெண்கள்! 1969-இல் அங்கே மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு தையற்கூடம் எழுந்தது. மீதி நிலத்தில் சில மனைகளை, வாக்குரிமை கேட்டதற்காக வீடிழந்த குடும்பங்களுக்கு விற்றார்கள். வேலைக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இடம் ஏற்பாடு செய்தார்கள்.

பெருநகர அங்காடிகளிலிருந்து ஆர்டர் வந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது: ஒரே அளவு, ஒரே வடிவம், நேரான தையல். அளவு நாடா இல்லாமல், கண் போன போக்கில் தைத்துப் பழகிய கைகளுக்கு அது எளிதல்ல. ஒத்துவராமல் விலகியவர்களும் உண்டு. 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனத்துக்கு, வரிவரியாக மேடுவிழுந்த கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. பகலெல்லாம் ஒரே மாதிரி உறைகள். மிஞ்சிய வெட்டுத்துணி வீட்டுக்கு வந்தது. பொன்மஞ்சள், பாசிப்பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு. சங்கத்தில் கட்டிப்போட்ட கற்பனையை வீட்டில் அந்தத் துண்டுகளில் அவிழ்த்துவிட்டார்கள். அவர்களுடைய ஆக அழகான போர்வைகளில் சில இந்த கார்டுராயில் தைத்தவை. கூலிக்குத் தைத்தது ஒன்று, தனக்கென்று தைத்தது ஒன்று. முதலாவது சோறு போட்டதால்தான் இரண்டாவதுக்குத் துணி கிடைத்தது. அதனால் கூலித் தையலைத் தாழ்வாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வந்தன, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும். 2006-இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல் தலைகளாயின. அதே 2006-இல் படகும் திரும்பி வந்தது, 44 ஆண்டுகள் கழித்து. புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை என்று சில பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது பின்னர் சமரசமாக முடிந்தது. தைத்தவர்களுக்கு வயதாகி, ஆர்டரும் குறைந்து, 2012-இல் பழைய கூட்டுறவு மூடப்பட்டது.

தையல் நிற்கவில்லை. 2003-லேயே ஜீஸ் பெண்ட் பெண்கள் தனியாக ஒரு கூட்டமைப்பு அமைத்திருந்தார்கள். 2021 முதல் பலர் அவரவர் பெயரில் இணையக் கடை திறந்திருக்கிறார்கள். அங்கே தைத்தவரே விலை வைக்கிறார், தன் பெயரிலேயே விற்கிறார். வாங்குகிறவர் எழுதுவதும் அவருக்குத்தான், பணம் போய்ச் சேருவதும் அவருக்குத்தான்.

நன்றி, வணக்கம்.