அழுகைப் பாட்டும் துள்ளும் காலும்

நண்பர்களே, முதலில் காலால் தரையை நிதானமாகத் தட்டுங்கள். சரி. இப்போது இரண்டு தட்டுகளுக்கு நடுவே, கால் மேலே எழும் நேரத்தில், கையைத் தட்டுங்கள். உடம்பு தானாகத் துள்ளுகிறது, இல்லையா? அதுதான் ஸ்கா என்ற இசைவகை. 1950களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்தது. அதன் ஓட்டம் தணிந்து, பத்தாண்டுக்குள் ரெக்கே இசை வந்தது.

இந்தோனேசியாவில் 1990களின் பிற்பாதியில் ஜகார்த்தாவின் டைப்-எக்ஸ், யோக்யகர்த்தாவின் ஷாகிடாக் ஆகிய குழுக்கள் இந்தத் தாளத்தில் பாடத் தொடங்கின. பிறகு யூடியூப் வந்தது. ஸ்கா 86 போன்ற குழுக்கள் ஊரறிந்த சோகப் பாட்டுகளை எடுத்து ஆடவைத்தன.

அந்தச் சோகத்துக்குப் பெரிய ஊற்று பாடகர் திதி கெம்போட். ஜாவாவின் சோலோ நகரத்துக்காரர், தெருவில் பாடி வளர்ந்தவர். 'கெம்போட்' என்பதே நடைபாதைப் பாடகர் குழு என்ற பெயரின் சுருக்கம். ஜாவா மொழியில் அவர் பாடிய 'ஸ்டாசியுன் பலாப்பான்' என்ற பாட்டில் காதலியை ரயில் ஏற்றிவிடுகிறான் ஒருவன். சீக்கிரம் வருகிறேன் என்று போனவள் வரவேயில்லை. 2020 மே மாதம் அவர் மறைந்தார். அவருடைய இளம் ரசிகர்களுக்கு 'சோபாட் அம்ப்யார்' என்று பெயர். அம்ப்யார் என்றால் சுக்குநூறானது.

இப்படிப்பட்ட பாட்டை எப்படித் துள்ளவைக்கிறார்கள்? மெட்டும் வரியும் அப்படியே இருக்கும். பாடகர் நிதானமாகவே இழுத்துப் பாடுவார். அடியில் டிரம்ஸ் மட்டும் இரட்டை வேகம் பிடிக்கும். கிடார், நாம் கை தட்டிய அந்த நடுத்தட்டில் வெட்டி வெட்டி விழும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் டிரம்பெட் புகுந்துகொள்ளும். தெருப் பாடகர்கள் கையில் இருக்கும் கென்ட்ருங் என்ற குட்டி உகுலேலேவும் (கிடார் போன்ற சின்னக் கம்பி வாத்தியம்) இதற்குக் கச்சிதம். அதன் நாதம் சட்டென அடங்கிவிடுவதால் வெட்டு துல்லியமாகக் கேட்கும்.

இதில் சோகம் கெட்டுப்போகிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திதி கெம்போட்டின் மேடைக்கு முன்னாலேயே இளைஞர்கள் அழுதபடி ஆடினார்கள். தனியாக அறையில் கிடந்து கேட்ட பாட்டைப் பத்துப் பேரோடு நின்று பாட ஒரு தாளம் வேண்டியிருக்கிறது. பாடகரும் தாளத்தோடு சேர்ந்து குதூகலிக்கும்போதுதான் பாட்டு செத்துப்போகிறது. குரல் அழவேண்டும், கால்தான் ஆடவேண்டும்.

இப்போது அந்த ரயில் நிலையப் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் பழைய வடிவம், அப்புறம் ஸ்கா. இரண்டாவது வரும்போது டிரம்ஸை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கவனியுங்கள். காலைப் பிடித்து நிறுத்தவேண்டாம்.