கண்ணுல புது ரத்தக்குழாய் வளர்ந்தா நல்லதுதானே, ஏன் தடுக்கணும்?

அடுத்து ஒரு சகோதரியோட கேள்வி. படிச்சிடுறேன். "எங்க அம்மாவுக்கு 15 வருஷமா சுகர். விழித்திரையில புதுசா ரத்தக்குழாய் வளருது, ஊசி போட்டுத் தடுக்கணும்னு சொன்னாங்க. ரத்தக்குழாய் வளர்ந்தா நல்லதுதானே டாக்டர்? மூளையில இருக்குற எதிர்ப்பு செல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கேள்விப்பட்டேன், புரியல. 3 ஊசி போட்டாச்சு. பார்வை தெளிவா இருக்கு, இனி வேணாம்னு அம்மா சொல்றாங்க. விட்டுடலாமா?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. மூளையில இருந்தே ஆரம்பிக்கிறேன். விழித்திரைங்கிறது மூளையோட ஒரு பகுதிதான். கருவுல மூளையோட முன்பக்கத்துல இருந்து ரெண்டு மொட்டு மாதிரி வெளியே வந்து, அதுவே பின்னாடி விழித்திரையா ஆகுது. அதனால மூளையில காவல் இருக்குற மைக்ரோக்ளியாங்கிற செல் கண்ணுலயும் இருக்கு. 1919ல ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளி உப்புல சாயம் ஏத்தி, இது தனி வகை செல்னு காட்டினார். ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுக்கள் மாதிரி எலும்பு மஜ்ஜையில இருந்து வர்றதில்ல இது. கரு உருவான ஆரம்ப நாள்லயே மஞ்சள்கருப் பையில பிறந்து, மூளைக்குள்ள போய் அங்கேயே தங்கிடுது. 2005ல உயிரோட இருக்குற எலியோட மூளையிலயே படம் புடிச்சுப் பார்த்தாங்க. செல் இருந்த இடத்துலயே இருக்கு, ஆனா அதோட கிளைகள் மட்டும் ஓயாம நீண்டு, சுருங்கி, நாலாபக்கமும் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கு. ஒரு சின்ன ரத்தக்குழாய்ல லேசர் வச்சுக் காயம் பண்ணா, நிமிஷக்கணக்குல கிளையெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி ஓட்டையைச் சூழ்ந்துக்குது.

இந்த செல்லுக்கு ரத்தக்குழாயோட பழக்கம் ரொம்பப் பழசு. கருவுல ரத்தக்குழாய்கள் முளைவிட்டு வளரும்போது, ரெண்டு முளையோட நுனியும் சந்திக்கிற இடத்துல இது நின்னு அதுங்களை இணைக்க உதவுது. இதை 2010ல எலியிலயும் மீன்லயும் காட்டினாங்க. அதனால இதை வில்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன்.

அப்ப உங்க அம்மா கண்ணுல என்ன ஆகுது? பல வருஷம் சர்க்கரை ஏறி இருந்ததுல, விழித்திரையோட நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிலது அடைச்சுப் போகுது. அந்த இடத்துக்கு ஆக்ஸிஜன் போகல. மூச்சுமுட்டுற அந்தத் திசு, வெஜ்எஃப்னு ஒரு பொருளைச் சுரந்து "ரத்தக்குழாய் அனுப்பு"ன்னு கூப்பிடுது. மைக்ரோக்ளியாவும் முழிச்சுக்கிட்டு, கிளையைச் சுருக்கி, உருண்டு திரண்டு, அழற்சியைத் தூண்டுற பொருட்களை விடுது. அதுல ஐஎல்-1பீட்டா, டிஎன்எஃப் ரெண்டும் முக்கியம். இதுங்களால வெஜ்எஃப் இன்னும் கூடுது, ரத்தக்குழாய்ச் சுவரோட இணைப்புகளும் தளர்ந்து போகுது. தளர்ந்த இடத்துல கசியுற ரத்தப் புரதம் மைக்ரோக்ளியாவை மறுபடி உசுப்புது. காயம்னா ஆறினதும் அடங்கிடும். இங்க சர்க்கரை தினமும் இருக்கு, அதனால அடங்க வழியில்ல.

வெஜ்எஃப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1983ல இதை முதல்ல ரத்தக்குழாயைக் கசிய வைக்கிற பொருளாத்தான் கண்டுபிடிச்சாங்க. 1989ல வேற குழு ரத்தக்குழாயை வளர வைக்கிற பொருள்னு ஒண்ணைப் பிரிச்செடுத்தப்போ, ரெண்டும் ஒண்ணேன்னு தெரிஞ்சது. வளர வைக்கிறதும் அதுதான், ஒழுக வைக்கிறதும் அதுதான். உங்க கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கும்மா.

கண்ணோட ரத்தக்குழாய்களைப் படம் புடிக்கிற ஆஞ்சியோ எடுக்கும்போது கையில மஞ்சள் சாயம் ஏத்துவோம். 10, 15 விநாடியில கண்ணுக்கு வந்துடும். திரையில பழைய ரத்தக்குழாய்கள் பென்சில்ல இழுத்த மாதிரி கூர்மையா வெள்ளைக் கோடா தெரியும். புதுசு முதல்ல நூல் சிக்கு மாதிரி தெரியும். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஓரம் கலைஞ்சு, ஈரக் காகிதத்துல மை ஊறுற மாதிரி வெள்ளையா பரவும். அவ்வளவு ஒழுகல். அது காய்ஞ்ச இடத்துக்கு ரத்தம் கொண்டு போறதும் இல்ல. விழித்திரை மேல படர்ந்து, கண்ணு நடுவுல இருக்குற ஜெல் பக்கம் ஏறும். ஒருநாள் உடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டும். தழும்பா சுருங்கினா விழித்திரையைப் பிடிச்சு இழுத்துப் பிரிச்சிடும்.

ஊசி மருந்து வெஜ்எஃப்பைப் பிடிச்சுக் கட்டிப் போடுது. சில வாரத்துல புதுசெல்லாம் சுருங்கிடும், அதான் அம்மாவுக்குத் தெளிவாத் தெரியுது. ஆனா அடைச்ச ரத்தக்குழாய் அடைச்சபடியேதான் இருக்கு, மைக்ரோக்ளியாவும் ஓயல. மருந்து தீர்ந்ததும் வெஜ்எஃப் மறுபடி ஏறும். ஸ்டீராய்டு ஊசி அழற்சியையே அடக்கும், முக்கியமா விழித்திரை நடுவுல நீர் கோத்திருந்தா குடுப்போம், ஆனா கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

அதனால சொல்லாம விட்டுடாதீங்க. அம்மாவால மாசாமாசம் வர முடியலன்னா அதை டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, லேசர் பண்ணலாமான்னு கேளுங்க. லேசர்ல ஓரத்து விழித்திரையைக் கொஞ்சம் சுட்டுடுவோம், ஆக்ஸிஜன் தேவை குறையும், வெஜ்எஃப் கூப்பிடுறதும் குறையும். அதோட பலன் ஊசியை விட நீடிச்சு நிக்கும். ஓரப் பார்வையும் ராத்திரிப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அதையும் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. கடைசி ஊசி போட்டு ஒரு மாசம் தாண்டியிருந்தா, இந்த வாரமே அம்மாவைக் கூட்டிட்டுப் போங்கம்மா.